படகு இஞ்சினில் பொறி தவறினால்
(மீனவர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நடுக்கடலில் வெளிப்பொருத்து இஞ்சின் நின்றுவிட்டால், வல்லத்திலுள்ள மூவர் நால்வரின் பாடு காற்றின் வசமும் நீரோட்டத்தின் வசமும் ஆகிவிடுகிறது. கரையிலேயே நின்றுவிட்டாலோ அன்றைய மீன்பாடு போகிறது. கடன் தவணையும் தவறுகிறது. இவ்வித நஷ்டம் நேர்கையில், விலையுயர்ந்த சாமானை முதலில் வாங்கி மாட்டிப் பார்ப்பது பலரது வழக்கம். அது தலைகீழான முறை. மின்சாரக் கோளாறு பெரும்பாலும் உப்பேறிய இணைப்பிலும், கரிபிடித்த பிளக்கிலும், அறுந்த கம்பியிலுமே இருக்கும். ஆகவே செலவில்லாததை முதலிலும், செலவுள்ளதைக் கடைசியிலும் சோதித்தல் வேண்டும்.

மின்சாரம் வரும் வழி

கயிறு இழுத்துக் கிளப்பும் சாதாரண இஞ்சினுக்குப் பாட்டரி வேண்டுவதில்லை. காந்தம் கம்பிச் சுருளைக் கடந்து அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். இஞ்சினின் மேல்மூடிக்குக் கீழே சுழலும் ஃப்ளைவீல் சக்கரம் இதையே செய்கிறது. அதில் பதித்த காந்தங்கள் சுழல, அடியிலுள்ள காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சி.டி.ஐ. பெட்டி அதைச் சேமித்துத் தக்க தருணத்தில் இக்னிஷன் காயிலுக்கு விடுகிறது. அக்காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்ப, பொறி தெறிக்கிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் இம்மின்சாரம் இஞ்சின் உலோகத்தில் இறங்கிப் பொறி அற்றுப்போகிறது.

தேடும் வரிசை

முதலாவது, பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி பொத்தானில் சரியாய் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கழன்றிருந்தால் எத்தனை முறை கயிறு இழுத்தும் பயனில்லை.

இரண்டாவது, பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, கரியும் ஈரமும் போக்கி, இடைவெளி இஞ்சின் புத்தகத்தில் கண்ட அளவில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னர் சிந்திய எண்ணெயைத் துடைத்து ஆவி கலையவிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, எல்லாப் பிளக்குகளின் உடலையும் இஞ்சின் உலோகத்தோடு கிளிப்பால் இறுக இணைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். பிளக்கைக் கையில் பிடிப்பது ஆபத்து. பிளக்குத் துளையின் அருகில் வைத்தால் ஆவி தீப்பற்றும். இணைக்காமல் தொங்கவிட்டால் சி.டி.ஐ. பெட்டி கெடும். நீலப்பொறி பலமாய்த் தெறித்தால், பெரும்பாலும் குறை மின்சாரத்திலன்று. எண்ணெய் வழியைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பொறியே இல்லையெனில், நிறுத்தும் பொத்தானின் கம்பியை இஞ்சினருகே தற்காலிகமாய்க் கழற்றிச் சோதிக்க வேண்டும். பொறி வந்துவிட்டால் பொத்தானிலோ அதன் கம்பியிலோ குறை இருக்கிறதென அறிக. அந்நிலையில் பொத்தான் இஞ்சினை நிறுத்தாது. ஆதலால் சோதனை முடிந்ததும் பழுதை நீக்கிக் கம்பியை மீண்டும் மாட்ட வேண்டும். கழற்றியபடியே கடலுக்குப் போவது கூடாது. சுக்கான் பிடிப்பவர் தண்ணீரில் விழுந்தால், நிற்காத வல்லம் வட்டமடித்துத் திரும்பி வரும். விசிறி அவர்மேலேயே பாயும்.

நான்காவது, இரண்டு சிலிண்டர் இஞ்சினில் ஒன்று மட்டும் செத்திருந்தால், கருவியேதும் இல்லாமலே குறையைக் கண்டுபிடிக்கலாம். இரு பிளக்குகளையும் இடம் மாற்றி மாட்டுக. குறையும் இடம் மாறினால் பிளக்கே குற்றவாளி. மாறாவிடில், காயில்கள் தனித்தனியாய் உள்ள இஞ்சினில், அவற்றை அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

சூடேறியபின் நின்று, ஆறியதும் கிளம்பும் இஞ்சினில் காயில் பழுதாயிருக்கக் கூடும். அதைச் சூட்டோடு சூடாக அளந்தால்தான் குறை தெரியும். இவ்வளவும் பார்த்த பிறகே சி.டி.ஐ. பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

பாட்டரியுள்ள இஞ்சின்

12 வோல்ட் பாட்டரி நிறைந்திருந்தால், ஓய்வில் மீட்டர் ஏறக்குறைய 12.6 காட்டும். அவ்வாறு காட்டியும் ஸ்டார்ட்டர் 'டிக்' என்ற ஒலியோடு நின்றால், முனைகளில் பூத்த பச்சையைச் சுரண்டி இறுக்க வேண்டும். ஃபியூஸ் எரிந்தால் அதே அளவுள்ள ஃபியூஸே போட வேண்டும். வெறுங்கம்பி சுற்றினால் வல்லமே எரியக் கூடும். இஞ்சின் ஓடுகையில் பாட்டரி இணைப்பைக் கழற்றுவதும், முனைகளை மாற்றி மாட்டுவதும் ரெக்டிஃபையரைக் கெடுக்கும்.

சங்கம் செய்யத்தக்கது

உப்பும் ஈரமும் செம்பை அரிக்கின்றன. கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரால் இஞ்சினைக் கழுவி உலர்த்துதல், இணைப்புகளில் கிரீஸ் தடவுதல், தோல் உரிந்த கம்பியை உடனே மாற்றுதல் ஆகிய மூன்றும் சொற்பச் செலவில் முடிவன.

ஒரு மீட்டர், ஒரே ரக இஞ்சின்களுக்குப் பொதுவான ஒரு காயில், சில பிளக்குகள், பழுதையும் பரிகாரத்தையும் எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம், இவற்றைச் சங்கமே வைத்திருக்கலாம். தனியொருவருக்குப் பாரமாகும் சாமான் பலருக்குப் பொதுவானால் பாரமாகாது. ஒரு வல்லத்தார் கண்டறிந்த பழுதை நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த வல்லத்தார் அதே பழுதுக்காக ஒரு நாள் கடலை இழக்க வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்திற்குள் அந்நோட்டின் முதல் பக்கம் எழுதப்படுமாக.