உரோமாபுரியின் பழஞ்சடங்குகளும் கத்தோலிக்கத் திருச்சபையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியச் சொற்பொழிவு கேட்டுப் பழகிய உங்கள் முன், இவ்வாண்டு சமய வரலாற்றுப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு நிற்கின்றோம். நாம் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து, இரயில்வேயின் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தோம். ஆராய்ச்சியாளர் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடோம். ஓய்வு நேரங்களில் படித்துக் குறித்துவைத்தவற்றையே முறைப்படுத்திச் சொல்ல முன்வந்துள்ளோம். உரோமாபுரியில் கிறித்துவுக்கு முன்பிருந்த பழஞ்சமயத்தின் வழக்கங்களும், இன்று கத்தோலிக்கத் திருச்சபையில் நாம் காணும் வழக்கங்களும் எவ்வெவ்விடங்களில் ஒத்திருக்கின்றன, அவ்வொற்றுமை எவ்வாறு வந்தது என்பதே பொருள்.

முதலில் ஒரு சொல். பழஞ்சமயத்தாரைக் குறிக்க இலத்தீன் மொழியில் ‘பாகானுஸ்’ என்ற சொல் வழங்கிற்று. அதற்கு நாட்டுப்புறத்தான் என்பது முதற்பொருள். நம் பழைய வேதபாட நூல்கள் அவர்களை ‘அஞ்ஞானிகள்’ என்றன. இரண்டு சொல்லிலும் சிறிது இளக்காரம் உண்டு. ஆதலின் நாம் ‘பழஞ்சமயத்தார்’ என்றே சொல்லிச் செல்வோம்.

தூபத்திலிருந்து தொடங்குவோம். கி.பி. 250ஆம் ஆண்டளவில் தேசியுஸ் என்னும் பேரரசன், குடிமக்கள் எல்லோரும் நாட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என ஆணையிட்டான். பலியிட்டவர்க்கு அதிகாரிகள் சான்றுச் சீட்டு எழுதிக் கொடுத்தனர். அத்தகைய சீட்டுகள் பல எகிப்து நாட்டு மணலிலிருந்து கிடைத்துள்ளன. எழுத்தர் வேலையின் தொன்மையை எண்ணி நாம் வியந்ததுண்டு! பலியிடாமல் தூபம் மட்டும் போட்டுத் தப்பிய கிறித்தவர்களும் இருந்தனர். அவர்களைத் ‘தூபமிட்டோர்’ என்றே தனிப்பெயரிட்டுத் திருச்சபை தள்ளிவைத்தது. ஒரு சிட்டிகைச் சாம்பிராணிக்காக உயிர்விட்டவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். ஆனால் அந்நூற்றாண்டும் அடுத்த நூற்றாண்டும் கழிவதற்குள், எருசலேம் சென்ற எகேரியா என்னும் யாத்திரைப் பெண்மணி, கிறித்துவின் கல்லறைக் கோயிலுள் தூபக் கலசங்கள் கொண்டுவரப்பட்டு மணம் நிறைந்ததைத் தம் பயணக் குறிப்பில் எழுதுகின்றார். உயிர் கொடுத்து விலக்கிய பொருள் நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் பூசைப் பொருளாயிற்று. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நம் உரையின் உயிர்நிலை.

விளக்கின் கதையும் இதைப் போன்றதே. பட்டப்பகலில் வேதசாட்சிகளின் கல்லறை முன் மெழுகுதிரி கொளுத்துவது பழஞ்சமயத்தாரின் வழக்கமன்றோ என்று விசிலான்சியுஸ் என்னும் குரு ஒருவர் குறை கூறினார். விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் 406ஆம் ஆண்டில் அவருக்குச் சினத்தோடு மறுமொழி எழுதினார். அதன் கருத்து, சிலைகளுக்குச் செய்தபோது வெறுக்கத்தக்கதாக இருந்த செயல், வேதசாட்சிகளுக்குச் செய்யும்போது ஏற்கத்தக்கதாகின்றது என்பதாம். ஒற்றுமையை அவர் மறுக்கவில்லை; யாரை நோக்கிச் செய்கின்றோம் என்பதையே அளவுகோலாகக் கொண்டார் என்பது கருதத்தக்கது.

இனி நேர்த்திக்கடன். உரோமாபுரியின் ஆற்று நடுவே ஒரு சிறு தீவு உள்ளது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவத் தெய்வமான எஸ்குலாப்பியுசுக்கு அங்கே கோயில் எழுந்தது. நோய் நீங்க வேண்டினோர் கை, கால், கண் முதலிய உறுப்புகளைச் சுட்ட மண்ணிற் செய்து காணிக்கை இட்டனர். இத்தாலி நாட்டுப் பழங்கோயில்கள் பலவற்றின் அருகே இத்தகைய மண்ணுறுப்புகள் குவியல் குவியலாக அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இன்று அத்தீவில் அர்ச்சியசிஷ்ட பர்த்தொலொமேயுவின் கோயிலும், துறவியர் சபை தொடங்கிய மருத்துவமனையும் இருக்கின்றன. நோயாளி அன்று வந்த இடத்துக்கே இன்றும் வருகின்றான். வெள்ளியிற் செய்த கை கால் உருவங்களை வேளாங்கண்ணியிற் கண்டோர் நம்மில் பலர். நம் ஊர் அம்மன் கோயில்களிற் கண்டோரும் பலர். உடல் நோவு வந்தவன் செய்யும் விண்ணப்பம் எங்கும் ஒரே வடிவு கொள்ளுகின்றது.

பவனிகளையும் பார்ப்போம். கோதுமைப் பயிரைத் துருநோய் தாக்காதிருக்க, ஏப்ரல் 25ஆம் நாள் உரோமையர் வடக்கு நெடுஞ்சாலை வழியே ஊர்வலம் சென்று, ‘ரோபிகுஸ்’ என்னும் தெய்வத்துக்கு நாயும் ஆடும் பலியிட்டனர். பிற்காலத்தில் அதே ஏப்ரல் 25இல், தொடக்கத்தில் அதே சாலை வழியே, கிறித்தவர்கள் மன்றாட்டு மாலை பாடிக்கொண்டு பவனி சென்றனர். பலி நின்றது, விளைச்சலுக்கான வேண்டுதல் நின்றபாடில்லை. 1969ஆம் ஆண்டின் திருநாட்காட்டிச் சீர்திருத்தம் வரை அப்பவனி உலகத் திருச்சபையின் நாட்காட்டியில் இடம்பெற்றிருந்தது.

திருநாட்களுள் யாவரும் கேட்பது திசம்பர் 25 பற்றியே. 274ஆம் ஆண்டில் ஔரேலியன் என்ற பேரரசன் ‘வெல்லப்படாத ஞாயிறு’ என்னும் தெய்வத்துக்கு உரோமாபுரியில் பெருங்கோயில் எடுத்தான். 354ஆம் ஆண்டில் தொகுத்த ஒரு நாட்குறிப்பு ஏட்டில், திசம்பர் 25 அந்த வெல்லப்படாதவரின் பிறந்தநாளாகவும், வேறு பக்கத்தில் கிறித்து பிறந்த நாளாகவும் குறிக்கப்பட்டுள்ளது. ஞாயிற்று விழாவின் மேலேயே கிறித்து பிறப்பு விழாவை அமைத்தனர் என்பார் ஒரு சாரார். மார்ச்சு 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது திங்கள் கூட்டிக் கணித்தனர் என்பார் மறு சாரார். எதுவாயினும், 5ஆம் நூற்றாண்டின் நடுவில் பாப்பரசர் சிங்கராயர், பேதுரு பெருங்கோயிலின் படியேறும் மக்கள் திரும்பி நின்று உதயஞாயிற்றைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வருகின்றார்களே என்று தம் பிரசங்கத்தில் வருந்தியது உண்மை. கோயில் மாறியும் கை குவியும் திசை மாறவில்லை.

கட்டடங்களோ கண்கூடான சான்று. ஏட்ரியன் காலத்தில், 2ஆம் நூற்றாண்டில் எழுந்த பாந்தியோன் ‘எல்லாத் தெய்வங்களின் கோயில்’ எனப் பொருள்படும் பெயருடையது. 43 மீட்டர் குறுக்களவுள்ள அதன் கவிகை இன்றும் நிற்கின்றது. 609ஆம் ஆண்டளவில் நான்காம் போனிபாசியுஸ் பாப்பரசர் அதனை மரியன்னைக்கும் எல்லா வேதசாட்சிகளுக்கும் உரிய கோயிலாக அர்ச்சித்தார். கோயிலானதால் அது கல்லுக்காக இடிக்கப்படாமற் பிழைத்தது எனலாம். சிசிலித் தீவின் சீரகூசு நகரத்துப் பேராலயச் சுவரிலோ, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அத்தேனா கோயில் தூண்கள் இன்றும் புடைத்து நிற்கின்றன.

எனினும் வேறுபாட்டையும் சொல்லுதல் நேர்மை. பழஞ்சமயக் கோயிலுள் தெய்வம் மட்டுமே இருந்தது. பலிபீடமும் மக்களும் வெளியே இருந்தனர். கிறித்தவர்க்கோ மக்கள் கூடி அமர இடம் வேண்டும். ஆதலால் அவர்கள் கோயில் வடிவை விடுத்து, வழக்கு மன்றமாகவும் வாணிபக் கூடமாகவும் பயன்பட்ட ‘பசிலிக்கா’ மண்டபத்தின் வடிவை எடுத்துக்கொண்டனர். உயிர்ப்பலி அறவே ஒழிந்தது. அப்பமும் இரசமும் கொண்ட பூசை, யூதரின் பாசுக்கா விருந்திலிருந்து வந்தது. சங்கீதங்களும் வேதவாசகமும் யூத மரபினவே. தூபமும் எருசலேம் தேவாலயத்தில் முன்பே இருந்தது. ஒத்திருப்பதெல்லாம் உரோமையரிடமிருந்து பெற்றதே எனக் கொள்ளுவது தவறு.

அன்பர்களே! இவற்றுள் எல்லாம் நம் நெஞ்சைத் தொட்டது ஒரு தாயின் வரலாறு. அகுஸ்தீனார் என்னும் பேரறிஞரின் தாயார் மோனிக்கம்மாள். அவ்வம்மையார் வட ஆப்பிரிக்காவில் தம் ஊர் வழக்கப்படி, வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் மதுவும் கூடையில் எடுத்துச் சென்று படைத்துப் பகிர்ந்துண்பவர். மகனைப் பின்தொடர்ந்து இத்தாலி நாட்டு மிலான் நகருக்குக் குடிவந்தபோதும் அவ்வாறே கூடையோடு சென்றார். வாயில்காப்போன் தடுத்தான். ஆயர் அம்புரோசியார் அதனை விலக்கியிருந்தார். குடிப்பழக்கத்துக்கு இடமாகும் என்பது ஒரு காரணம். பழஞ்சமயத்தார் பிப்ரவரி 13 முதல் 21 வரை முன்னோர் கல்லறையில் தானியமும் உப்பும் மதுவில் நனைத்த அப்பமும் படைத்த விழாவை அது ஒத்திருந்தது என்பது மற்றொன்று. அம்மையார் வாதிடவில்லை. அன்று முதல் படையலை விடுத்து, தம்மால் இயன்றதை ஏழைகளுக்குக் கொடுத்து, வெறுங்கையோடு சென்று வேண்டினார். மகன் இதனைத் தம் வரலாற்று நூலில் எழுதிவைத்துள்ளார். ஊர் விட்டு ஊர் வந்தவர்க்குத்தான் அந்தக் கூடையின் கனம் தெரியும். ஓரூரில் பக்தியாக இருந்தது மற்றோரூரில் குற்றமாயிற்று!

இப்படி விலக்கியவரும் உண்டு, ஏற்றவரும் உண்டு. 601ஆம் ஆண்டில் பெரிய கிரகோரியார் என்னும் பாப்பரசர், இங்கிலாந்தில் மதம் மாறிய அரசனுக்கு, பழங்கோயில்களை இடித்துவிடுமாறு முதலில் எழுதினார். சில கிழமைகளுக்குள் கருத்தை மாற்றிக்கொண்டு, அங்குச் செல்லும் மெல்லித்துஸ் என்னும் குருவுக்கு வேறு கடிதம் விடுத்தார். சிலைகளை மட்டும் அகற்றுக, கட்டடத்தைத் தீர்த்தம் தெளித்துப் பயன்கொள்ளுக, மாடு வெட்டி விருந்துண்டு பழகிய மக்கள் கோயில் திருநாளில் இறைவனுக்கு நன்றி கூறி விருந்துண்ணட்டும் என்பது அதன் சாரம். உயரத்தை அடைய விரும்புவோன் படிப்படியாக ஏறுவான் என்பது அவர் காட்டிய காரணம். சரக்கு அலுவலகத்தார் மொழியிற் சொன்னால், பெட்டியை உடைக்காமல் சரக்கையும் சீட்டையும் மாற்றுக என்றார்.

இவ்வொற்றுமைகளை வைத்துப் பிற்காலத்தில் பெரும் வழக்கு நடந்தது. கோன்யர்சு மிடில்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1729இல் உரோமாபுரி பற்றி ஒரு நூல் வெளியிட்டு, தூபம், தீர்த்தம், விளக்கு, காணிக்கை என ஒவ்வொன்றாக எடுத்து, இவை யாவும் பழஞ்சமயமே எனக் குற்றம் சாட்டினார். 1845இல் நியூமன் என்னும் மற்றோர் ஆங்கிலேயர், பின்னாளில் கர்தினால் ஆனவர், ஏறத்தாழ அதே பட்டியலைத் தாமே வரிசையாக எழுதி, ஆம், இவை வெளியிலிருந்து வந்தவையே, திருச்சபை ஏற்றுக்கொண்டதால் தூய்மையாயின என்று பெருமையோடு கூறினார். செய்தி ஒன்றே, ஒருவர்க்கு அது வசை, ஒருவர்க்கு அது புகழ்.

இவ்வழக்கு நம் தமிழகத்துக்கும் வந்தது. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர், காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, மதம் மாறியவர் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவை சமயச் சின்னங்கள் அல்ல, சமுதாய வழக்கங்களே என்பது அவர் வாதம். 1623இல் உரோமை அதற்கு இசைந்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். அது தொடர்பாகக் குருமார்மேற் சுமத்திய உறுதிமொழி 1940இல்தான் நீங்கிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1969இல், இந்தியத் திருச்சபை கேட்ட 12 மாற்றங்களுக்கு உரோமை ஒப்புதல் அளித்தது. கைகூப்பி வணங்குதலும், மெழுகுதிரிக்கு மாற்றாக எண்ணெய் விளக்கு ஏற்றுதலும் அவற்றுள் அடங்கும்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. சென்ற பொங்கல் விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் முறை கத்தோலிக்க வீட்டுப் பெரியவர் ஒருவர்க்கு வந்தபோது, அவர் தயங்கி நின்றார். “கொடியும் தேரும் எங்களிடம் எடுத்துக்கொண்டவர்களுக்கு விளக்கு மட்டும் ஆகாதோ?” என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. அதன்பின் சில வீடுகளுக்கிடையே பலகாரத் தட்டு வந்துபோவது நின்றதை நம் குடியிருப்பில் அறியாதார் இலர்.

பெரியவர்க்கு நாம் சொல்லக்கூடியது: ஐயா, விளக்கை உங்கள் திருச்சபையே ஏற்றுக்கொண்டது; ஏற்றினால் உங்கள் நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆயினும் 250ஆம் ஆண்டில் ஒரு சிட்டிகைத் தூபத்தை மறுத்தவர்களின் வழிவந்தவர் நீங்கள். மனம் ஒப்பாவிடின் வற்புறுத்த எமக்கு உரிமையில்லை.

பின்வரிசைக் குரலுக்குச் சொல்லக்கூடியது: தம்பி, எடுத்துக்கொண்டவர்கள் என்று யாரையும் ஏளனம் செய்யாதே. உலகில் எடுத்துக்கொள்ளாத சமயமும் இல்லை, கொடுக்காத சமயமும் இல்லை. இந்த ஊருக்கு வந்தபின் தீபாவளிக்கு நம் வீடுகளில் எத்தனை வடநாட்டுப் பலகாரம் சேர்ந்துவிட்டது என்பதை உன் தாயாரைக் கேட்டு அறிந்துகொள்.

ஆதலின் செயற்குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். வரும் விழாக்களில் விளக்கின் அருகே ஒரு மெழுகுதிரியும் இருக்கட்டும். முறை வந்தவர் தம் மனம் ஒப்பியதை ஏற்றட்டும். ஒப்பாதார் கைகூப்பி நிற்கட்டும். நின்றுபோன தட்டுகளைத் தாய்மார்கள் இந்தக் கிழமையே மீண்டும் அனுப்பத் தொடங்கட்டும். அதற்கு எந்த உரோமாபுரியின் ஒப்புதலும் வேண்டுவதில்லை.