சந்தா கட்டலாம், சங்கத்தை நடத்த முடியாதா?



ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் போய்ப் பாருங்கள். ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் நிற்பது உங்கள் கணவர், உங்கள் மகன், உங்கள் அண்ணன். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளும் ரயில் பாதைகளும் அவர்கள் கைபட்டு எழுந்தவை. ஆனால் தொழிற்சங்கத்தில் அவர்களுக்குச் சம இடம் இருக்கிறதா? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வெளிநாட்டுத் தொழிலாளி சிங்கப்பூரில் சங்கத்தில் சேரலாம், சந்தாவும் கட்டலாம். ஆனால் சங்கத்தின் பொறுப்பாளராக வேண்டுமானால், குடியுரிமை இல்லாதவர் அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். தொழிற்சங்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது என்றால், அது சம உரிமையா?

நம்மவர்களுக்குச் சங்கம் புதிதல்ல. தமிழகத்திலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அதில் ஒன்றாக நின்றார்கள். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தார் என்ற வழக்கில், 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசு கேட்டும் ஆங்கிலேயர் இரங்கவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று தூக்குமேடை இல்லை. பெர்மிட் இருக்கிறது. அது ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் ரத்து செய்தால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் வட்டியோடு வீட்டில் காத்திருக்கும்போது யார் வாய் திறப்பார்?

2012 நவம்பர் 26 அன்று எஸ்.எம்.ஆர்.டி. பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குப் போகவில்லை. சீனாவிலிருந்து வந்தவர்கள். மலேசிய ஓட்டுநர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு என்பது அவர்கள் குறை. அது சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று ஐந்து பேர் சிறை சென்றார்கள், 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சீனர், நாம் தமிழர் என்று ஒதுங்க முடியுமா? நாளை அதே நிலை நமக்கும் வரும்.

2009இல் என்.டி.யு.சி.யும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து வெளிநாட்டு ஊழியர் நிலையத்தைத் தொடங்கின. சம்பளம் வராதவருக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் உதவி வேறு, உரிமை வேறு. முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் நிலையம் தொழிலாளியின் சொந்தச் சங்கம் ஆகிவிடாது.

ஆகவே குடும்பத்தாருக்குச் சொல்கிறேன். ஊரிலிருந்து புறப்படும் முன் வரும் ஐ.பி.ஏ. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எழுதியிருக்கும். அதற்கு ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. மாதா மாதம் அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சம்பளப் பாக்கி இருந்தால் ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வேலையை விட்டிருந்தால் ஆறே மாதம்தான் கெடு.

சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். "எங்களில் ஒருவர் ஏன் பொறுப்பில் இல்லை?" என்று அங்கே கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் பெர்மிட் போகலாம். ஆயிரம் பேர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.