கோதாவுக்கு வெளியே ஜெயித்தவர்

(தலைப்பு: பெரிய வெற்றி எது? தான் ஜெயிப்பதா, பிறரை ஜெயிக்க வைப்பதா?)



எதிரணித் தலைவர் ஒரு பயில்வான் கதை சொன்னார். நானும் ஒரு பயில்வானைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். பேரு ரிக்கிடோசான். நம்ம ஊர்ல தாரா சிங், கிங்காங்னு பேசுவோமே, அந்தக் கிங்காங்கையே 1955-இல் டோக்கியோவில் வீழ்த்தியவர்! (கைதட்டல்)

சுமோ மல்லராக இருந்தவர், 1950-இல் தன் கொண்டையைத் தானே அறுத்தெறிஞ்சுட்டு வெளியே வந்தாரு. 1953-இல் ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார். மறுவருஷம் பிப்ரவரியில் ஷார்ப் சகோதரர்களோடு போட்டி. அப்ப யார் வீட்டுல டிவி இருக்கு? தெருவுல வெச்ச பெட்டிக்கு முன்னால ஆயிரக்கணக்கில் கூட்டம். போரில் தோற்ற தேசம். வெள்ளைக்காரன் அடி வாங்குறதைப் பார்த்து ஆர்ப்பரிக்கிறாங்க. வேடிக்கை என்னன்னா, அமெரிக்கர்கள்னு நினைச்சாங்களே, அந்த ரெண்டு பேரும் கனடாக்காரங்க! (சிரிப்பு)

அதைவிடப் பெரிய விஷயம், ஜப்பானின் மானம் காத்தவர்னு கொண்டாடப்பட்ட இவர் பிறந்தது கொரியாவில். கிம் என்கிற குடும்பப் பெயரை வெளியே சொல்ல முடியாமலே வாழ்ந்தார்.

"இதெல்லாம் முன்னாலயே பேசி வெச்ச சண்டைதானே ஐயா?" என்பார்கள் எதிரணியினர். ஆமாங்க! அதைத்தான் நானும் சொல்றேன். கோதாவுக்குள்ள அவர் ஜெயிச்சது பேசி வெச்ச ஜெயம். பேசி வைக்க முடியாத ஜெயம் வெளியே இருக்கு. (கைதட்டல்)

யாரைச் சேர்த்தார் பாருங்க. பேஸ்பால் வாழ்க்கை முடிஞ்சுபோய் வந்த நெட்டை மனிதர் பாபா. பிரேசில் காப்பித் தோட்டத்துல பாடுபட்ட 17 வயசுப் பையன் இனோகி. போட்டிக்குப் போன இடத்துல பார்த்து அழைச்சுட்டு வந்தாரு. மூணாவது ஆள், கொரியாவிலிருந்து திருட்டுத்தனமா கப்பலேறி வந்து பிடிபட்ட கிம் இல். அவரைக் காவலிலிருந்து மீட்டு, ஓகி கிந்தாரோ என்று ஜப்பானியப் பெயர் வெச்சுக் கோதாவில் இறக்கினார்.

பயிற்சி கடுமை. இனோகியை அடிச்சாரு, எடுபிடியா வெச்சிருந்தாரு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அடிச்சாத்தான் வித்தை ஏறும்ங்கிற வாத்தியார்களை எனக்குப் பிடிக்காது. நானும் ஒரு வாத்தியார்தான்.

1960 செப்டம்பர் 30. பாபாவுக்கும் இனோகிக்கும் ஒரே நாளில் அரங்கேற்றம். மூணே வருஷம். 1963 டிசம்பரில் ஓர் இரவு விடுதியில் ரிக்கிடோசானைக் கத்தியால் குத்திவிட்டார்கள். ஒரே வாரத்தில் உயிர் போச்சு. வயசு 39.

எதிரணி கணக்குப்படி கதை அங்கேயே முடிஞ்சுது. என் கணக்குல முடியலை. 1972-இல் இனோகியும் பாபாவும் தனித்தனியே மல்யுத்த நிறுவனம் ஆரம்பிச்சாங்க. ரெண்டும் இன்னிக்கும் நடக்குது. கிம் இல்? கொரியாவுல, தலையால முட்டியே எதிராளியைச் சாய்க்கிற வீரராக நாடே கொண்டாடிச்சு. குரு மறைச்சு வெச்ச அந்தக் 'கிம்' என்கிற பேரைச் சொல்லித்தான் அரங்கமே கத்துச்சு!

நடுவர் மணியை எடுத்துட்டாரு. (கைதட்டல்)