உம்மாவும் வாசிக்கட்டும்





பாடசாலை விட்டு வந்த பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடுகின்றது. "உம்மா, இத வாசிச்சித் தாங்க" என்று கேட்கின்றது. "சோறு பொங்குது மகன், வாப்பா வரட்டும்" என்று பதில் வருகின்றது. மறுநாள் "கண் தெளிவில்ல மகன்" என்கின்றார் தாய். மூன்றாம் நாள் பிள்ளை கேட்பதில்லை. நாவிதன்வெளியிலும், சாளம்பைக்கேணியிலும், மத்திய முகாமிலும், ஆற்றுக்கு அப்பால் கல்முனையிலும் இக்காட்சியைக் காணாதவர் யார்? அத்தாய்க்குக் கண்ணிலும் குறையில்லை, அன்பிலும் குறையில்லை. எழுத்துத் தெரியாது. அதைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல வெட்கம்.

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். பத்துப் பேரில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். நாம் பெருமைப்படும் இந்த நிலையே எஞ்சிய சிலரை மேலும் ஒளிந்துகொள்ளச் செய்கின்றது. கல்லோயாத் திட்டக் குடியேற்றங்களில் காடு வெட்டி வயல் திருத்திய குடும்பங்களில், வயற்காவலுக்கும் அறுவடைக்கும் போன பிள்ளைகள் எத்தனை பேர்! பருவமடைந்ததும் நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! பின்னர் 1985இலும் 1990இலும் நிகழ்ந்த வன்செயல்களால் இடம்பெயர்ந்து, படிப்பை நடுவில் விட்டவர்களும் உள்ளனர். இவர்களை அறிவீனர் என்பது நியாயமன்று. அவர்களுக்குரிய முறை வந்தபோது கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான்.

நேயர்களே, முதலில் அருளப்பட்ட வஹீயின் முதற் சொல்லே வாசிப்பைப் பற்றியது. ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புப் பணம் கொடுக்க இயலாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவ்வாறு கற்றவர்களுள் ஒருவராக ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அறிவிக்கப்படுகின்றார். அல்குர்ஆனைத் தொகுக்கும் பணி பிற்காலத்தில் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. கற்பித்தவர்களோ போர்க்களத்தில் எதிரே நின்றவர்கள்! நமது பிரதேசத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்தே இருக்கின்றன. பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் நமது பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்க முன்வந்தால் தயங்குவதற்கு என்ன இருக்கின்றது? அன்னை ஹப்ஸா (ரழி) அவர்கள் ஷிபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) அவர்களிடம் எழுதக் கற்றார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. எழுத்துத் தெரியாது என்று ஒதுங்கும் நம் தாய்மார்களுள் பலர் உண்மையில் வாசிக்கத் தெரிந்தவர்களே. சிறுவயதில் லெப்பையிடம் ஓதி, இன்றும் ஸுபஹுக்குப் பின் குர்ஆனைத் திறப்பவர்கள். ஸபர், ஸேர், பேஷ் இட்டால் ஒரே எழுத்தின் ஓசை மாறும் என்பதை அறிந்தவருக்கு, கி, கு, கெ என்று குறி மாறுவதை விளங்கப்படுத்துவது கடினமா? வலமிருந்து இடமாகப் போன கண் இடமிருந்து வலமாகப் போகவேண்டும். அறபெழுத்தில் தமிழ் எழுதிய அறபுத்தமிழ் வளர்ந்த சமூகம் நாம். 247 என்ற எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, சில குறிகள். மற்றவை இவற்றின் சேர்க்கைதாம்.

கேரளத்தில் 1991 ஏப்ரல் 18ஆம் திகதி, மாநிலம் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோடு மானாஞ்சிற மைதானத்தில் அறிவிக்கப்பட்டது. அதனை அறிவித்தவர் அமைச்சரோ பேராசிரியரோ அல்லர். மலப்புறம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா என்ற, முதிர்ந்த வயதில் எழுத்துக் கற்ற முஸ்லிம் பெண்மணி. அந்த இயக்கத்தில் வீடு வீடாகச் சென்று கற்பித்த தொண்டர்களுள் மாணவர்களும் இளைஞர்களும் ஏராளம்.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம்தான் பேசுகின்றேன். உம்மாவுக்குக் கற்பிக்கும்போது நீங்கள் ஆசிரியராகிவிட வேண்டாம், பிள்ளையாகவே இருங்கள். தம்பி தங்கையர் முன்னால், விருந்தாளி முன்னால் பிழை திருத்தாதீர்கள். நாளுக்கு இருபது நிமிடம் போதும். தம்பியின் கதைப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தைப் பகலில் உம்மாவோடு இருந்து பலமுறை வாசியுங்கள். இரவில் அந்தப் பக்கத்தை உம்மா தம்பிக்கு வாசிக்கட்டும். நீங்கள் அங்கே நிற்க வேண்டாம். சிறுபிள்ளைகள் கேட்ட கதையையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பெரியவர்களுக்கு அது சலிப்பு, புதிதாக வாசிக்கப் பழகுபவருக்கோ அதைவிட நல்ல பயிற்சியில்லை. வாப்பாமாரும் இதற்கு விலக்கல்லர். உரப் பையில் எழுதியிருப்பதைப் பிறரிடம் கேட்டறியும் வாப்பாவுக்கு அந்தப் பையே பாடநூலாகலாம்.

வீட்டில் கற்க வெட்கப்படுவோருக்காக வலயக் கல்வி அலுவலகங்களில் முறைசாராக் கல்விப் பிரிவு உண்டு. பத்துப் பேர் சேர்ந்து வகுப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகம் மத்ரஸா மண்டபத்தை அஸருக்குப் பின் பெண்களுக்குத் திறந்துவிட்டால் இடமும் கிடைத்துவிடும். மாரியில் கிட்டங்கியில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்படும் நாட்களில், ஊருக்குள்ளேயே இருக்கும் உயர்தர மாணவியர் அவ்வகுப்பை நடத்தலாம்.

இன்றிரவு இஷாவுக்குப் பின் ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உம்மாவின் பக்கத்தில் அமருங்கள். முதலில் அவரது பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். அதன் கீழே கடைக்குட்டியின் பெயரை எழுதுங்கள்.