ஹாக்கின்ஸ் பிள்ளைகளும் நம்மூர் ராஜேந்திரனும்



எனக்கு முன்னால் பேசிய ஐயா புறநானூற்றில் தொடங்கிப் பாரதியில் முடித்தார். நான் நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கப் போகிறேன். பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" என்று பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் விசில் வருகிறது பாருங்கள், அந்த விசிலுக்காகத்தான் இந்தப் பேச்சு. உங்கள் வீட்டுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு என்ன பார்க்கிறது என்று கவலைப்படுகிற அப்பா அம்மாவும் கொஞ்சம் காது கொடுங்கள். நான்காவது சீசன் வந்தபோது அந்தத் தொடரின் முகப்பு இசையை நம் இளையராஜாவே தன் பாணியில் அமைத்துக் கொடுத்தார். ராஜா தொட்டுவிட்டார் என்றால் அப்புறம் அது நம் வீட்டுச் சமாசாரம்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம். ஹாக்கின்ஸ் என்று ஒரு கற்பனை ஊர். 1983 நவம்பரில் ஒரு ராத்திரி வில் என்கிற பன்னிரண்டு வயதுப் பையன் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் காணாமல் போகிறான். அவனைத் தேடி அவனுடைய கூட்டாளிகள் மைக், டஸ்டின், லூகஸ் மூன்று பேரும் காட்டுக்குள் போகிறார்கள். அங்கே மொட்டைத் தலையோடு, மணிக்கட்டில் எண் பச்சை குத்திய ஒரு சிறுமி அகப்படுகிறாள். அவள் பெயரே ஓர் எண்தான், லெவன். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் முள்வேலி போட்ட ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து தப்பி வந்தவள் அவள். அந்தக் கூடத்தில் திறந்துகொண்ட ஒரு மாய உலகத்திலிருந்து வந்த அசுரன்தான் வில்லைத் தூக்கிப் போயிருக்கிறான். அந்தக் கூடம் எந்தத் துறையைச் சேர்ந்தது தெரியுமா? எரிசக்தித் துறை! எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? மூன்று யூனிட், ஆயிரத்து ஐந்நூறு மெகாவாட் அனல்மின் நிலையத்துச் சிமினியைத் தலைநிமிர்ந்து பார்த்து வளர்ந்த வள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் யாரும் பொழிப்புரை சொல்ல வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்ற கேள்வி இங்கே எல்லாப் பையன்களுக்கும் ஒரு வயதில் வரும். ஒரு வித்தியாசம். ஹாக்கின்ஸில் விளக்கு மினுக்கினால் அசுரன் வருகிறான் என்று அர்த்தம். நம்மூரில் மினுக்கினால் லோ வோல்டேஜ்.

டஃபர் என்ற இரட்டைச் சகோதரர்கள் இந்தத் தொடரை எழுதி இயக்கினார்கள். முதல் சீசன் வந்தது 2016 ஜூலை 15. ஐந்தாவது சீசன் முடிந்தது 2025 டிசம்பர் கடைசியில், நம் நேரப்படி 2026 புத்தாண்டு விடிகிற வேளையில். கதைக்குள்ளே, முடிவுரையை விட்டால், ஓடியது 1983 முதல் 1987 வரை நாலு வருஷம். வெளியே ஓடியது ஒன்பதரை வருஷம். லெவனாக நடித்த மில்லி பாபி பிரவுனுக்குத் தொடர் தொடங்கியபோது பன்னிரண்டு வயது. கடைசிப் பகுதி வந்தபோது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

நம் சினிமாவில், நடிக்கிற பிள்ளை வளர்ந்துவிடுகிற இந்தத் தொல்லையே கிடையாது. ரயில் தண்டவாளத்தில் ஒரு சிறுவன் ஓடுவான், காலைக் காட்டுவார்கள், கால் பெரிதாகும், கேமரா மேலே போனால் கதாநாயகன். பதினைந்து வருஷம் அரை நிமிஷத்தில் தீர்ந்தது. நடுவில் குரல் உடைகிறதே, முகத்தில் பரு வருகிறதே, நேற்றுவரை தோளில் கை போட்டவன் இன்று முகம் கொடுக்க மாட்டேன் என்கிறானே, அந்தக் காலம் முழுக்க வெட்டுப்பட்டுத் தரையில் கிடக்கும். "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" அந்த வெட்டுத் துண்டைத்தான் எடுத்து ஒட்டிக் காட்டியது. அந்தத் தொடரை நான் மதிக்கிற காரணம் அது. அசுரன், மாய உலகம், எண்பதுகளின் பாட்டு, சட்டை, சைக்கிள் எல்லாம் கடைக்கு முன்னால் தொங்குகிற சீரியல் விளக்கு. சரக்கு உள்ளே இருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள்? அசுரனைக் கொன்று வளர்ந்தார்கள் என்றுதான் ரொம்பப் பேர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அசுரனை முதல் சீசனிலேயே கொன்றுவிட்டார்கள். அதனால் அடுத்த சீசனில் யாரும் பெரியவராகிவிடவில்லை. தன் பயத்தை இன்னொருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னபோதெல்லாம் அவர்கள் ஒரு படி ஏறினார்கள். சொல்லாமல் விழுங்கியபோதெல்லாம் ஒரு படி இறங்கினார்கள். ஐந்து சீசனையும் இந்தக் கணக்கில் பாருங்கள், தப்பாது.

இரண்டாவது சீசனில் வில் திரும்பி வந்துவிட்டான். உடம்பு வந்துவிட்டது, மனசு வரவில்லை. கண் முன்னால் ஏதேதோ தெரிகிறது. டாக்டர் ஒரு பெயர் வைக்கிறார், பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள், அம்மா கண்ணாடிப் பாத்திரம் மாதிரித் தாங்குகிறாள். ஒரு ராத்திரி மைக் வீட்டு அடித்தளத்து அறையில் உட்கார்ந்து வில் தனக்குத் தெரிவதைச் சொல்கிறான். மைக் ஆறுதல் சொல்லவில்லை. உனக்குப் பைத்தியம் பிடித்தால் எனக்கும் பிடிக்கட்டும், சேர்ந்தே பைத்தியமாவோம் என்கிற மாதிரி பதில் சொல்கிறான். பதின்மூன்று வயதுப் பையன் சொல்கிற பதிலா இது! நம்மில் எத்தனை பெரியவர்களுக்கு இந்தப் பதில் வாயில் வந்திருக்கிறது? "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாமி கும்பிட்டுட்டுப் படு" என்றுதானே சொல்லியிருக்கிறோம்.

மூன்றாவது சீசன் வெளியான 2019-ல் ரசிகர்கள் பலர் முணுமுணுத்தார்கள், ஒரே காதல் கூத்து என்று. என் கணக்கில் ஐந்திலும் உண்மையான சீசன் அதுதான். கொஞ்ச நேரம் அதிலேயே நிற்க அனுமதி கொடுங்கள். 1985 கோடை. ஊரில் புதிதாக மால் திறந்திருக்கிறார்கள், கடைத்தெரு காற்றாடுகிறது. மைக்குக்கும் லூகஸுக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. டஸ்டின் அறிவியல் முகாமிலிருந்து திரும்பி வந்தால் கேட்க ஆளில்லை, ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்க்கும் ஸ்டீவிடம் ஒட்டிக்கொள்கிறான். வில் மட்டும் பழைய விளையாட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். அது "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடுவது. விளையாட வா, விளையாட வா என்று கெஞ்சுகிறான். மழையில் வெளியே நின்று மைக் கேட்கிறான், வாழ்நாள் முழுக்க என் வீட்டு அடித்தளத்து அறையிலேயே உட்கார்ந்து விளையாடுவோம் என்று நினைத்தாயா என்று. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன் போலிருக்கிறது என்கிறான் வில். அப்புறம் காட்டுக்குள் போய், சின்ன வயதில் அண்ணனோடு சேர்ந்து கட்டிய குடிலை மட்டையால் அடித்து நொறுக்குகிறான். அந்தக் காட்சியில் அசுரன் இல்லை, கிராபிக்ஸ் இல்லை. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்கிற உண்மை மட்டும் இருக்கிறது. நம்மூரிலும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஒருவன் பாலிடெக்னிக், ஒருவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை, ஒருவன் வீட்டில். தெருமுனைத் திண்ணை காலியாகிறது. கடைசியாக அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் யாரென்று ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். அவன்தான் வில்.

நான்காவது சீசனில் எழுத்தாளர்கள் என் பக்கத்துக்கே வந்துவிட்டார்கள். புது வில்லன் வெக்னா கண்ட பேரையும் பிடிப்பதில்லை. உள்ளே குற்றவுணர்ச்சியைப் பூட்டி வைத்திருக்கிற பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்குகிறான். மேக்ஸ் என்ற பெண் அதில் ஒருத்தி. கண்ணெதிரே செத்துப்போன மாற்றாந்தகப்பன் மகன், அவன் செத்ததில் தனக்குள் எங்கோ நிம்மதியும் இருந்ததே என்கிற குமுறல். யாரிடமும் பேசாமல் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு திரிகிறாள். "ஹெட்போன் போட்டுக்கிட்டு கூப்பிட்டாக்கூடக் காதுல விழமாட்டேங்குது" என்று இங்கே எத்தனை தாய்மார்கள் புலம்புகிறீர்கள்! அந்தப் பாட்டுதான் அவள் உயிரைக் காப்பாற்றுகிறது. அது கேட் புஷ் 1985-ல் பாடியது. தொடரில் வந்த பிறகு 2022-ல் பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது.

லூகஸைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் ஒழுங்காக வளர்ந்தவன் அவன்தான். கேலிக்குப் பயந்து கூடைப்பந்து அணியில் சேர்கிறான், பெரிய பையன்கள் கைதட்டலுக்கு ஆசைப்படுகிறான். அந்த அணியே கும்பலாகத் திரண்டு ஓர் அப்பாவியை வேட்டையாடக் கிளம்பியதும் கழன்று வந்து மேக்ஸ் பக்கத்தில் நிற்கிறான். ஊரோடு ஒத்துப்போக ஆசைப்பட்டு, ஊர் தப்பு செய்யும்போது விலகுகிறவன்தான் வளர்ந்தவன். மைக் பாவம், முதல் சீசனில் இருந்த தலைவன் அப்படியே நின்றுவிட்டான், எழுத்தாளர்கள் அவனை மறந்துவிட்டார்கள். லெவனும் அவ்வளவுதான். சக்தியைப் பிடுங்குவார்கள், கொடுப்பார்கள், திரும்பப் பிடுங்குவார்கள். அது பாத்திர வளர்ச்சி ஆகாது. ஸ்டீவ் நல்ல கதை: முதல் சீசனில் திமிர் பிடித்தவனாக வந்தவனை நடிகர் ஜோ கீரிக்காகவே மாற்றி எழுதினார்கள், கடைசியில் எல்லாப் பிள்ளைக்கும் அண்ணனாகிவிட்டான்.

ஐந்தாவது சீசனில் வில் தன் அம்மா, அண்ணன், கூட்டாளிகள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறான். இதற்கு உலகம் முழுக்க வாதப் பிரதிவாதம். காட்சி நீளம்தான், நானும் சொல்வேன். ஆனால் கதையின் நியாயம் பிசகவில்லை. சொல்லாமல் வைத்திருக்கிற ரகசியத்தைத்தானே எதிரி ஆயுதமாக எடுக்கிறான்? வில் அதைச் சபையில் போட்டு உடைத்ததும் எதிரி கையில் ஆயுதம் இல்லை.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் சன் டிவியில் "மர்மதேசம்" வந்ததே, போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஆகா, முன்வரிசை முழுக்க! இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. எழுதிய மனிதர் 2024 நவம்பரில் மறைந்துவிட்டார். அவருடைய "விடாது கருப்பு" இரண்டு காலத்தில் மாறி மாறி ஓடும். சிறுவன் ராஜேந்திரன் ஒரு பக்கம், வளர்ந்த ராஜேந்திரனாகச் சேத்தன் ஒரு பக்கம். தப்பு செய்தவனைக் கருப்பு தண்டிக்கும் என்று ஊரே நடுங்கும். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும். முடிச்சு அவிழும்போது தெரிகிறது, சின்ன வயதில் உள்ளே இறங்கிய பயம் கேட்பாரில்லாமல் உறைந்து, வளர்ந்தவனுக்குள் இன்னோர் ஆளாக எழுந்து நின்றிருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டு பேர்.

டஃபர் சகோதரர்கள் ஐந்து சீசனில் சொன்னதை நம் ஆட்கள் அவர்களுக்கு ஏறத்தாழ இருபது வருஷம் முன்பே எதிர்த் திசையிலிருந்து சொல்லிவிட்டார்கள். வில்லுக்கு ஓர் அறை இருந்தது, மேஜையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். அதனால் அவன் ஒரே ஆளாக வளர்ந்தான். ராஜேந்திரனுக்கு அது இல்லை, இரண்டு ஆளானான். 2022-ல் வந்த "சுழல்" தொடரும் இதே பக்கம்தான். சிமெண்ட் ஆலை ஊர், மயானக் கொள்ளைத் திருவிழா, காணாமல் போன பெண். அந்தக் கதையிலும் அசுரன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், பிள்ளைகள் வாய் திறக்க இடமில்லை.

தம்பி தங்கைகளே, மேக்ஸ் கலிபோர்னியாவிலிருந்து ஹாக்கின்ஸுக்குப் புதிதாக வந்தவள். முதலில் லெவனுக்கே அவளைப் பிடிக்கவில்லை. அப்புறம் அவள் இல்லாமல் கதையே இல்லை. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை போய்ப் பெயர் கேளுங்கள், கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களுக்கும் அவைத் தலைவருக்கும் ஒரு கோரிக்கை. மைக்கின் அம்மா அந்த அடித்தளத்து அறைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடத்தான் வருவாள், மற்றபடி எட்டிப் பார்க்க மாட்டாள். அப்படி ஓர் அறை நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். நாம் கூடியிருக்கிற இந்த நூலகத்தின் பின்பக்க அறையில் பழைய நாளிதழ் கட்டு அடைந்து கிடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு ஒரு மேஜை, ஆறு நாற்காலி, ஒரு மின்விசிறி போட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அங்கே பொதுஅறிவு வகுப்பு வேண்டாம், தன்னம்பிக்கை உரை வேண்டாம், என் மாதிரி ஆளைப் பேசக் கூப்பிடவும் வேண்டாம். மேஜைக்கு ஆகிற செலவில் பாதியை நான் தருகிறேன். மீதிப் பாதிக்கு இன்றைக்கே, இந்த மேடையிலேயே யாராவது கை தூக்குங்கள்.