மாத்திரை வாங்க வரும் பாட்டியிடம் ஒரு கேள்வி



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எளிய முறையிலேயே முன்கூட்டிப் பிடிக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய ஊர்களில், திருச்சிக்குப் பக்கத்திலுள்ள திண்டுக்கல்லும் ஒன்று. 2000-இல் அங்கு தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். முடிவு 2007-இல் லான்செட் இதழில் வெளியானது: பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த மரணங்கள் 35 விழுக்காடு குறைவு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 30 முதல் 59 வயது வரையிலானவர்கள். மாதவிடாய் நின்றபின், கர்ப்பப்பை வாயில் நோய் முளைக்கும் எல்லைப் பகுதி மெல்ல உள்ளே ஏறிக் கண்ணுக்கு எட்டாமல் போகிறது. அறுபதைத் தாண்டியவரின் சீட்டில் மருத்துவர்களும் செவிலியர்களுமான நாம் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுகிறோமே, பல நேரம் அதற்குப் பொருள் ‘பார்க்க முடியவில்லை’ என்பதுதான்.

ஆகவே முதிய பெண்களிடம் கர்ப்பப்பைப் புற்றுநோய்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முதல் கருவி நம் வாய்தான். ‘தீட்டு நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா?’ கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த உதிரப்போக்கு இருக்கிறது. உடற்பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு அந்த நோயின் அபாயம் கூடுதல். அவர்கள் எங்கோ ஒளிந்திருக்கவில்லை. திருச்சியில் ஸ்ரீரங்கத்திலும் புத்தூர் பெரியாஸ்பத்திரியிலும் மாதாமாதம் பிரஷர், சுகர் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலர் வீட்டுக்கு நாமே போகிறோம். ரத்த அழுத்தம் பார்க்கிறோம், உதிரப்போக்கைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சினைப்பைப் புற்றுநோய்க்கு பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைச் சேர்த்த ஆய்வில், ஒரு பகுதியினரிடம் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்து பார்த்தார்கள். மரணம் குறையவில்லை என்று 2021-இல் தெரிந்தது.  இன்னொரு மறுப்பு வலுவானது: தீட்டு நின்றபின் உதிரம் படும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புற்றுநோய், மற்றவர்களை ஏன் பயமுறுத்த வேண்டும்? அந்தப் பயத்தைத் தீர்க்க நீண்ட காலம் வேண்டியதில்லை. பெண்ணுறுப்பு வழி ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால், மறுபடி உதிரம் படாதவரை, பெரும்பாலும் காத்திருக்கலாம். தடித்திருந்தால், மெல்லிய குழாயால் மயக்க மருந்தில்லாமல் வெளிநோயாளர் பிரிவிலேயே திசு எடுத்துவிடலாம். ஆரம்பத்தில் பிடிபட்டால் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையிலேயே குணமாகிறார்கள்.

வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பது கடைசி மறுப்பு. மகனும் மருமகளும் பக்கத்தில் நின்றால் யார்தான் சொல்வார்? மருந்துச் சீட்டைக் கொடுத்து அவர்களைப் பார்மசி வரிசைக்கு அனுப்புங்கள். பிறகு கேளுங்கள், ‘இல்லை’ என்றால் அடுத்த மாதமும் கேளுங்கள்.