மூளையின் நீரறைகள்



மூளை முழுவதும் கெட்டியான பொருள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அஃது உண்மையன்று. அதனுள்ளே நான்கு அறைகள் உண்டு. அவற்றில் தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் புதிதாகச் சுரக்கிறது. அதே அளவு வடிந்து இரத்தத்தில் சேர்கிறது. வடிகால் தடைப்பட்டால் அறைகள் விரிந்து மூளையை நெருக்கும்.

எலும்புப் பேழைக்குள் இருக்கும் அறையை அளப்பது எங்ஙனம்? சாதாரண எக்ஸ்ரே படத்தில் மூளையும் நீரும் வேறு வேறாகத் தெரிவதில்லை. 1918-இல் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் டான்டி, நீரை வடித்துவிட்டு அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். அறைகள் துலங்கின, நோயாளி பட்ட வேதனையும் சிறிதன்று. 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. அதன்பின் காற்றுக்குத் தேவை இல்லாமற் போயிற்று.

ஆனால் காற்றுப் படக் காலத்துக் கணக்கு ஒன்று இன்றும் வழக்கில் இருக்கிறது. 1942-இல் இவான்ஸ் என்பார் வகுத்தது அது. அறைகளின் முன்கொம்புகள் இரண்டும் சேர்ந்த அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவே. பெரிய தலை, சிறிய தலை என்ற வேறுபாடு இதில் அடிபட்டுப்போகிறது. 4.6 சென்டிமீட்டரை 13-ஆல் வகுத்தால் 0.35 வரும். 0.3-க்கு மேற்பட்டால் அறை விரிந்திருக்கிறது என்பர்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். முதுமையில் சிலருக்குப் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல நடை தளர்கிறது; பின்னர் மறதியும் சிறுநீரை அடக்க இயலாமையும் சேர்கின்றன. வயதின் கோளாறு என்று வாளாவிருந்துவிடுகிறோம். அவர்களுள் சிலருக்கேனும் காரணம் இந்த நீரே என்பதைக் கொலம்பியா நாட்டு மருத்துவர் ஹக்கீமும் அவருடைய துணைவர்களும் 1965-இல் எடுத்துரைத்தனர். நீரை வயிற்றுக்குள் வடியச் செய்யும் குழாயைப் பொருத்தினால் நடை மீள்வதுண்டு. தொலைவில் வாழும் நாம் ஊரிலுள்ள பெற்றோரின் குரலைத் தொலைபேசியில் கேட்கிறோம், நடையைக் காண்பதில்லையே!

எண் ஒன்றை மட்டும் நம்பிவிடவும் இயலாது. மூப்பில் மூளை சுருங்கினாலும் அறை பெரிதாகத் தோன்றும். ஆகவே மருத்துவர்கள் முதுகுத் தண்டின் கீழ்ப்புறத்திலிருந்து 30 முதல் 50 மில்லிலிட்டர் நீரை எடுத்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் நோயாளியை நடக்கச் செய்து கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.